பி.எஃப். வேண்டாம் என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் எட்டரை வருஷமாக ஓவர்லாக் டெய்லர். மாதம் 16,000 சம்பளம். அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று 1,560 பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார்கள். இப்போது, "வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடு, பீஸ் ரேட் கான்ட்ராக்டில் போட்டுக்கொள்கிறோம். பிடித்தம் இருக்காது, மேலே 500 சேர்த்துத் தருகிறோம்" என்கிறார்கள். மாதம் 2,060 கூட வந்தால் என் அண்ணன் நடத்தும் சீட்டில் சேரலாம், பழைய பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனையும் அடைக்கலாம் என்று பார்க்கிறோம். இ.எஸ்.ஐ.க்குப் போனால் அரை நாள் கூலி போய்விடுகிறது என்று நாங்கள் போவதே இல்லை. மாமியாருக்குச் சுகர், பிரஷர். மாத்திரை மெடிக்கலில்தான் வாங்குகிறோம். நானும் ஒரு செக்கிங் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அங்கே பிடித்தமே கிடையாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, பாண்டியன் நகர், திருப்பூர்.

பதில்:

சகோதரி, கையெழுத்து வேண்டாம். இதை உங்கள் வீட்டுக்காரரும் படித்து முடிக்கும்வரை அந்தக் காகிதம் கம்பெனி ஆபீஸிலேயே கிடக்கட்டும்.

இருபத்து மூன்று வருஷமாகச் சின்னக் கம்பெனிகளுக்குப் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குக் கட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்குக் காசு தருவது முதலாளிகள்தான். அதனால் உங்களுக்குத் தருவதாகச் சொல்கிற அந்த 500 எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440, பி.எஃப்.; மொத்தச் சம்பளம் 16,000-க்கு 0.75 சதவீதம், அதாவது 120, இ.எஸ்.ஐ. இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் கண்ணில் படுகிற 1,560. சீட்டில் அச்சாகாத இன்னொரு கணக்கு இருக்கிறது. கம்பெனி தன் பங்காக அதே 12 சதவீதம், 1,440 கட்டுகிறது. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 520. இ.டி.எல்.ஐ. என்கிற உயிர்க் காப்பீட்டுக்கு அரை சதவீதம், 60. நிர்வாகச் செலவுக்கு இன்னொரு 60. ஆக உங்கள் வீட்டுக்காரர் பேரில் கம்பெனிக்கு மாதம் 2,080 செலவு. அவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அது மிச்சமாகும். அதில் 500-ஐ உங்களுக்குக் கொடுத்துவிட்டு 1,580-ஐ அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் 2,060-இல் 1,560 ஏற்கெனவே உங்களுடைய பணம். புதிதாக வருவது 500 மட்டும். அதற்குப் பதிலாக, நிர்வாகச் செலவு 60 நீங்கலாக, கம்பெனி உங்களுக்காகக் கட்டும் 2,020 போகிறது. ஓய்வூதியக் கணக்குக்கு மத்திய அரசு தன் பங்காகப் போடுகிற 1.16 சதவீதமும், உங்கள் விஷயத்தில் 139 ரூபாய், கூடவே போகிறது. இப்படி ஒரு பேரத்தைச் சந்தையில் யாராவது கேட்டிருந்தால் நீங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

சீட்டை நான் குறை சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன், என் மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கியதே சீட்டுப் பணத்தில்தான். ஆனால் சீட்டு என்பது மாதாமாதம் சம்பாதிக்கிறவர் சம்பாதித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிற வண்டி. மூன்றாம் மாதமே தள்ளி எடுத்துவிட்டு நான்காம் மாதம் உங்கள் வீட்டுக்காரர் படுத்துவிட்டால், அண்ணனே ஆனாலும் தவணை கேட்டு வரத்தான் செய்வார். அவருக்கும் வேறு வழி இல்லை. இங்கே பிடிக்கிற பணம் அந்த நான்காம் மாதத்துக்கானது. சம்பாத்தியம் நின்ற நாளிலிருந்து அது திரும்ப ஆரம்பிக்கிறது.

எப்படித் திரும்புகிறது என்று உங்கள் வீட்டை வைத்தே சொல்கிறேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இது என் தொழில்.

இ.டி.எல்.ஐ.க்குப் போகிற அந்த 60 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் உங்கள் வீட்டுக்காரர் கட்டுவது ஒரு பைசாகூட இல்லை. வேலையில் இருக்கும்போதே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கம்பெனியில் நடந்தாலும் வீட்டில் தூக்கத்தில் நடந்தாலும், கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்குவார்கள். 12,000-க்கு அது 4,20,000. அத்துடன் அந்த ஒரு வருஷத்தில் பி.எஃப். கணக்கில் சராசரியாக இருந்த தொகையில் பாதி. 1,60,000 இருந்தது என்று வைத்தால் 80,000. மொத்தம் 5 லட்சம் உங்கள் கைக்கு வரும். உச்ச வரம்பு 7 லட்சம். ஆனால் "வேலையில் இருக்கும்போது" என்பதுதான் இதன் உயிர்நாடி. ராஜினாமாக் கடிதத்தில் போடுகிற கையெழுத்து அந்த ஐந்து லட்சத்தின் மேல் போடுகிற கையெழுத்து.

பி.எஃப். கணக்கில் இருப்பது தனியாக வரும். விதவை ஓய்வூதியம் வேறு; மாதம் குறைந்தது 1,000. அதில் 25 சதவீதம் வீதம் பிள்ளைகள் இருவருக்கும் 25 வயதுவரை தனித்தனியாக வரும். இந்தப் பணத்தில் குடும்பம் ஓடாது, எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும்வரை மாதாமாதம் வங்கியில் விழுகிற பணத்துக்கும் ஒரு தடவை உறவினர் தருகிற ஆறுதல் பணத்துக்கும் வித்தியாசம் உண்டு.

ஓய்வூதியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, 3.67 மட்டும்தான் பி.எஃப். பாஸ்புக்கில் சேரும். "கம்பெனிப் பணம் குறைவாக ஏறியிருக்கிறது, ஏமாற்றுகிறார்கள்" என்று மாதம் நான்கு பேராவது என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஏமாற்று இல்லை, மீதி ஓய்வூதியப் பக்கத்தில் இருக்கிறது. சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் ஓய்வூதியம். 12,000 சம்பளத்துக்குப் பத்து வருஷச் சேவைக்கு 1,714 ரூபாய். சிரிப்பு வரும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அரிசி விலை அதற்கப்புறம் எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் திட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருஷச் சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருஷமாகக் கணக்கில் எடுப்பதால் ஒன்பதரை வருஷம் போதும். உங்கள் வீட்டுக்காரர் எட்டரையில் நிற்கிறார். இன்னும் ஒரே வருஷம். இப்போது விலகி எல்லாப் பணத்தையும் எடுத்தால் அந்த எட்டரையும் துடைத்துப் போய், வேறு கம்பெனியில் சேரும்போது முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படி உண்மையாகவே வேலை மாறினாலும் யூ.ஏ.என். என்கிற பழைய பி.எஃப். உறுப்பினர் நம்பரையே புதுக் கம்பெனியில் கொடுக்கச் சொல்லுங்கள், சேவை தொடரும்.

கடனுக்காகத்தான் பணம் தேவை என்றால் வேலையை விடாமலேயே முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. வைத்தியம், வீடு, கல்யாணம், படிப்பு என்று காரணத்துக்குத் தகுந்த நிபந்தனைகள் உண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், கந்து வட்டிக் கடன் இருந்தால் முன்பணம் எடுத்து முதலில் அதை அடையுங்கள். பி.எஃப்.க்கு 2024-25-இல் கிடைத்த வட்டி வருஷத்துக்கு 8.25 சதவீதம், கந்து வட்டிக்காரர் அதை மூன்று மாதத்தில் தின்றுவிடுவார். நகைக் கடன் என்றால் அவசரமில்லை.

இனி இ.எஸ்.ஐ. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "நாங்கள் போவதே இல்லை" என்பதுதான். மாதம் 120 ரூபாய் கட்டிவிட்டு, மாமியார் மாத்திரைக்கு மெடிக்கலில் தனியாகக் காசு கொடுக்கிறீர்கள். கணவன், மனைவி, பிள்ளைகளோடு, அவரை நம்பியிருக்கிற அவருடைய தாய் தகப்பனும் இதில் உண்டு. அவர்களுக்கு மாத வருமானம் 9,000-க்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சுகரும் பிரஷரும் இருக்கிற பெரியவரை எந்தத் தனியார் காப்பீட்டுக் கம்பெனி 120 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளும்? அவர்கள் முதலில் கேட்பதே, "ஏற்கெனவே என்ன வியாதி" என்றுதான்.

மருந்தகத்தில் கூட்டம், டாக்டர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச மாட்டார், சில மாத்திரை ஸ்டாக் இருக்காது; எல்லாம் உண்மை, நானே வரிசையில் நின்றவன். காய்ச்சல், சளிக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற மாத்திரைக்கும், ஆபரேஷனுக்கும், டயாலிசிஸ் மாதிரிப் பெரிய செலவுக்கும் இ.எஸ்.ஐ.யை வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் முடியாததைப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். நம் பக்கத்தில் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அப்படித்தான் மில் தொழிலாளிகளின் குடும்பங்களைத் தாங்கியது. கோயம்புத்தூருக்கு இந்தத் திட்டம் வந்தது 1955-இல். என் தாத்தா காலத்து மில்காரர்கள் அதை "கார்டு ஆஸ்பத்திரி" என்பார்கள்.

வைத்தியம் பாதிதான். மீதிப் பாதி பணமாக வருவது, பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுத்து வேலைக்குப் போக முடியாமல் இருக்கிற நாளுக்கு, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள்வரை வங்கிக் கணக்கில் போடுவார்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். காச நோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரிப் பட்டியலில் உள்ள 34 நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம்வரை. அதற்கு இரண்டு வருஷமாவது தொடர்ந்து உள்ளே இருந்து 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

வேலையில் அடிபட்டால் 78 நாள் கணக்கெல்லாம் கிடையாது. சேர்ந்த முதல் நாள் ஊசி விரலில் இறங்கினாலும் சரி, குணமாகும்வரை கூலியில் 90 சதவீதம். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கணக்கு. ராத்திரி ஷிப்டு முடித்து டி.வி.எஸ். ஐம்பதில் பல்லடம் ரோட்டில் வருகிற ஊர் இது. இந்த ஒரு விதி எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படி உயிரே போனால், அந்த 90 சதவீதத்தை மனைவிக்கு மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பங்கு என்று பிரித்து மாதாமாதம் தருவார்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் ஏழில் மூன்று உங்களுக்கு, ஏழில் இரண்டு வீதம் பிள்ளைகளுக்கு.

பிடித்தம் நடந்தால் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு பெண் மஞ்சள் பையோடு என் ஆபீஸுக்கு வந்தார். கணவர் மாரடைப்பில் போய் இருபது நாள். பைக்குள் சம்பளச் சீட்டுகளை மாத வாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். ஒரு சீட்டுகூடக் கசங்கவில்லை. கணினியில் பார்த்தால் கடைசி ஏழு மாதம் கம்பெனி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. பிடித்தது மட்டும் சீட்டில் இருக்கிறது. அது போதாதென்று ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் முன்னால், பிறந்த வருஷம் இரண்டிலும் வேறு வேறு. நாமினி இடத்தில், கல்யாணத்துக்கு முன்பு எழுதிய, எப்போதோ காலமாகிவிட்ட அவர் அம்மாவின் பெயர். அந்தப் பெண்ணுக்குப் பணம் வந்துசேர்ந்தது, ஆனால் பதினான்கு மாதம் ஆயிற்று. நூலில் கோத்த அந்தச் சீட்டுகள் இல்லையென்றால் அதுவும் கஷ்டம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வெறும் பாக்கி இல்லை, குற்றம்; வட்டியோடும் அபராதத்தோடும் வசூலிக்கப் பி.எஃப். அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது நடப்பதற்குள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் செல்போனில் அரசின் உமாங் செயலியைத் திறந்து பாஸ்புக்கைப் பாருங்கள். மாதாமாதம் ஏறியிருக்கிறதா, அவர் பங்கு 1,440 சரியாக இருக்கிறதா. சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று 2,880 பிடித்திருந்தால் கம்பெனியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டப்படி கூடாது. உங்கள் சீட்டில் அப்படி இல்லை, நல்லது. நாமினேஷனில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் போட்டோவோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார் ஓ.டி.பி. வைத்து வீட்டிலிருந்தே செய்துவிடலாம். பெயரோ பிறந்த தேதியோ மாறியிருந்தால் இப்போதே, அவர் நன்றாக இருக்கும்போதே, திருத்துங்கள்.

கம்பெனியில் என்ன சொல்வது என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்று நினைக்கிறேன். சண்டை வேண்டாம். "பி.எஃப். தொடரட்டும் சார், இன்னும் ஒரு வருஷத்தில் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அதே மிஷின், அதே சூப்பர்வைசர், அதே நேரம் என்றால் காகிதத்தில் கான்ட்ராக்ட் என்று எழுதுவதால் அவர் தொழிலாளி இல்லாமல் போய்விட மாட்டார். பீஸ் ரேட்டுக்குப் பி.எஃப். கிடையாது என்பது இந்த ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படுகிற பொய். கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் உண்டு. அவர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு. 15,000-க்குள் அடிப்படைச் சம்பளம் இருக்கும்வரை வேண்டாம் என்று விலகுகிற உரிமை தொழிலாளிக்கே இல்லை. இது முதலாளிக்கும் தெரியும். நாளைக்கு சோதனை வந்தால் அந்தக் காகிதம் செல்லாது என்பதை என்னைப் போன்ற ஆள் அவருக்குச் சொல்லியிருப்பார். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், அலவன்ஸ் என்று உடைத்து அடிப்படைச் சம்பளத்தைப் பாதிக்குக் கீழே காட்டுகிற வேலையும் இனி பலிக்காது. அதனால்தான் சில கம்பெனிகள் ஆளையே கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கின்றன என்பது என் சந்தேகம்.

மிரட்டினால், மாதந்தோறும் 27-ஆம் தேதி பி.எஃப். அலுவலகம் மாவட்டங்களில் நடத்துகிற குறைதீர் முகாமுக்குப் போங்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன உங்கள் விஷயம். உங்கள் செக்கிங் யூனிட்டில் எத்தனை பேர்? நாளைக்கு டீ நேரத்தில் எண்ணிப் பாருங்கள். உதவியாளர், கூட்டுகிற அம்மா, எல்லாரையும் சேர்த்து. பி.எஃப்.க்கு 20 பேர் வேண்டும், ஆனால் இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். பத்துப் பேர் தேறினால் உங்கள் பெயரிலும் ஐ.பி. நம்பர் என்கிற இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் ஒன்று இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் கார்டில் உங்களுக்கு வைத்தியம் கிடைக்கும். ஆனால் நீங்கள் படுத்தால் உங்கள் கூலிக்குப் பதிலாக வருகிற 70 சதவீதம் உங்கள் சொந்த நம்பரில்தான் வரும். உங்களோடு வேலை பார்க்கும் சின்னப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்: பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. இதை நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், நான்கைந்து பேராகக் கேளுங்கள்.

மாமியார் பெயர் இ.எஸ்.ஐ. குடும்பப் பட்டியலில் இல்லையென்றால் அவர் ஆதார் நகலையும் ஒரு போட்டோவையும் கம்பெனி ஆபீஸில் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு மருந்தகத்துக்கு வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, மாமியாரே கார்டோடு போகலாம். பழைய மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது.